யாரென்று தெரியாமல் நிறுத்தியவர்

கோலாலம்பூர்க்காரர்கள் இந்த அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே கோபித்துக்கொள்ளக்கூடும். 1990களில் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் லெவினும் அவருடைய குழுவினரும் உலகின் 23 பெருநகரங்களில் ஒரே மாதிரியான மூன்று சோதனைகளை நடத்தினார்கள். நடந்து போகிற ஒருவர் தெரியாமல் நழுவவிட்டதுபோல் பேனாவைக் கீழே போடுவார். எதிரே வருகிறவர் கூப்பிட்டுச் சொல்கிறாரா? காலில் கட்டுப்போட்டு நொண்டுகிற ஒருவர் கையிலிருந்த இதழ்களைச் சிதறவிட்டு, குனிய முடியாமல் தடுமாறுவார். யாராவது பொறுக்கிக் கொடுக்கிறார்களா? கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக ஒருவர் சாலையோரம் காத்திருப்பார். பச்சை விளக்கு விழுந்துவிட்டது என்று யாராவது சொல்கிறார்களா? ரியோ டி ஜெனிரோ 93 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. கொல்கத்தா 83 விழுக்காட்டுடன் நான்காவது. சிங்கப்பூர் 48, நியூயார்க் 45. கடைசி இடத்தில் 40 விழுக்காட்டுடன் கோலாலம்பூர். 2001இல் இந்த முடிவுகள் வெளியாயின.

மலேசியர் யாரிடம் சொன்னாலும் நம்ப மறுப்பார். ஏனென்றால் அவரிடம் ஒரு கதை இருக்கும். ரப்பர்ப் பால்மரக் காட்டுக்கு நடுவே டயர் வெடித்தது, இருட்டிவிட்டது, எங்கிருந்தோ ஒருவர் வந்தார், சக்கரத்தைக் கழற்றி மாட்டினார், பணம் கொடுத்தால் வாங்கவில்லை, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். ஈப்போ பக்கத்துக் குடும்பங்களில் இப்படி ஒரு கதை இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. வந்தவர் சீனராக இருப்பார், மலாய்க்காரராக இருப்பார், சில சமயம் தோட்டத்து ஆளாக இருப்பார். கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அழுத்திச் சொல்வார்கள், அவர் யார் என்பதில்தான் வியப்பே இருக்கிறது என்பதுபோல.

கணக்கும் கதையும் இரண்டுமே சரியாக இருக்கலாம். லெவின் இதற்கு முன்பு அமெரிக்காவின் 36 நகரங்களில் இதே வகைச் சோதனைகளைச் செய்திருந்தார். அங்கே உதவி குறைவதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது மக்கள்நெருக்கம்தான். ரோச்செஸ்டர் முதலிடம், நியூயார்க் கடைசி. நியூயார்க்கில் பிறந்தவர்களின் மனம் கல் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவர் எந்த ஊரில் வளர்ந்தார் என்பதைவிட, அந்த நேரத்தில் எந்த ஊரின் தெருவில் நிற்கிறார் என்பதே அதிகம் பேசுகிறது என்று இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஸ்டான்லி மில்கிராம் 1970இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பெருநகரத்தில் ஒரு மணி நேரத்தில் கண்ணில் படும் முகங்கள், காதில் விழும் கூப்பாடுகள் அத்தனையையும் மூளை வாங்கிக்கொண்டால் தாங்காது, ஆகவே தனக்குச் சம்பந்தமில்லாதவற்றைப் பார்க்காமலே விட்டுவிடப் பழகிக்கொள்கிறது. இதயத்தை விட்டுவிட்டுக் கவனத்தைக் குற்றஞ்சொல்லும் இந்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது. கோலாலம்பூரில் பேனாவைக் கண்டும் காணாமல் போனவர், தைப்பொங்கலுக்கு ஈப்போ பக்கத்துச் செம்மோருக்குப் போனால் அங்கே நின்று எடுத்துக் கொடுப்பார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வழியாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும் பழைய சாலை தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து, ஈப்போவைத் தொட்டு, செம்மோர், சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று நீளும். 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின் அவசரக்காரர்கள் அதில் ஏறிவிட்டார்கள். பழைய சாலையிலிருந்து பிரிகிற செம்மண் பாதைகள் தோட்டங்களுக்குள் போகும். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளில் தொடங்கி, நாடு முழுவதையும் பால்மரம் மூடிய கதை தனி அத்தியாயத்துக்குரியது. நமக்கு வேண்டியது அந்தச் செம்மண் பாதை மட்டும். உங்கள் மோட்டார் சைக்கிள் அங்கே நின்றுவிடுகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒருவர்தான் அந்த வழியாக வருகிறார். அவர் நிற்பாரா?

ஜான் டார்லியும் பிப் லட்டனேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கிட்டத்தட்ட நேரடியான விடை. தனித்தனி அறைகளில் மாணவர்களை உட்காரவைத்து, ஒலிபெருக்கி வழியாக ஒருவரோடொருவர் பேசச் சொன்னார்கள். திடீரென்று ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணறும். அதைக் கேட்கிறவர் தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், அந்தக் குரல் அடங்குவதற்குள் வெளியே ஓடிவந்து சொன்னார்கள். இன்னும் நால்வர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பவைக்கப்பட்டவர்களில் 31 விழுக்காட்டினர்தான் அப்படி வந்தார்கள். பொறுப்பு ஐந்தாகப் பிரிந்தபோது ஒருவர் பங்குக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். செம்மண் பாதையில் வருகிறவருக்குப் பங்கு போட ஆளில்லை. முழுப் பொறுப்பும் அவர் தலையில். நெடுஞ்சாலையில் உங்களைக் கடந்து போகும் நூறு கார்க்காரர்களில் ஒவ்வொருவருக்கும் பின்னால் வருகிறவர் ஒருவர் இருக்கிறார்.

இந்த ஆய்வைப் பாடப்புத்தகங்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, கூட்டம் என்றாலே கைகட்டி வேடிக்கை பார்க்கும் என்று நம்மை நம்பவைத்துவிட்டன. அது மிகை. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது குறுக்கே புகுந்திருந்தார். சுற்றி ஆள் அதிகமிருக்க அதிகமிருக்க, யாராவது புகும் வாய்ப்பும் கூடியது. தனி ஆளின் தயக்கம் ஒன்று, மொத்தக் கூட்டத்திலிருந்து ஒரு கை நீள்வது வேறொன்று. நடுவே விழுந்து கிடப்பவருக்கு ஒரு கை போதும்.

செம்மண் பாதையில் வருகிறவர் நிற்பதும் நிற்காததும், அவர் எவ்வளவு அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்பதையும் பொறுத்தது. 1973இல் டார்லியும் டேனியல் பேட்சனும் பிரின்ஸ்டனில் செய்த சோதனையை நினைத்து நான் இன்னமும் சிரிப்பதுண்டு. பாதிரியார் படிப்புப் படிக்கும் மாணவர்களை அழைத்து, பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன். போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு இருமிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளர்களின் ஆள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உதவினர். ‘தாமதமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படியாக அதிகம் உதவவில்லை. அவசரத்தில் சிலர் அவரைத் தாண்டிக் கால்வைத்துப் போனார்கள்.

இதைத் தோட்டத்து நாளோடு பொருத்திப் பாருங்கள். பால்மரப் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் நீரழுத்தம் விடிவதற்கு முன் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக விட, அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் மந்தமாகும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. நானூறு ஐந்நூறு மரத்தில் பட்டை கீறிப் பால் வெட்டியாக வேண்டும். மழை பிடித்தால் கோப்பையில் விழுந்த பாலும் போச்சு. நேரமானால் பால் கோப்பையிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும், விலையும் இறங்கிவிடும். காலை ஆறு மணிக்கு மரம் வெட்டுகிறவரிடம் போய் வழி கேட்டால் கையால் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்வார். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டபின், அதே ஆள் உங்கள் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே லயம்வரை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்வரை, வருவார். கோப்பி போட்டுக் கொடுக்க வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவார். நான் கேட்ட கதைகள் பெரும்பாலும் பிற்பகலிலோ அந்தியிலோதான் நடக்கின்றன. இதைப் புள்ளிவிவரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பாற்குழாயின் அழுத்தம் மனிதனின் கருணைக்கு நேர அட்டவணை போட்டது என்ற எண்ணத்தை என்னால் விடவும் முடியவில்லை.

சரி, நேரமிருக்கிறது, வேறு ஆளில்லை. இருந்தாலும் அவர் ஏன் நிற்க வேண்டும்? உயிரியலுக்கு இது நெடுநாள் தலைவலி. உடன்பிறந்தாருக்கு உதவுவதை வில்லியம் ஹாமில்டன் 1964இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: அவர்களுடைய உடலிலும் நம் மரபணுக்களின் பிரதிகள் இருக்கின்றன. அக்கம்பக்கத்தாருக்கு உதவுவதை ராபர்ட் டிரிவர்ஸ் 1971இல் விளக்கினார்: இன்று நீ, நாளை நான். ஊரார் பார்க்கச் செய்யும் உதவியால் நற்பெயர் கிடைக்கும், அந்த நற்பெயரே பிறகு உதவி கொண்டுவரும் என்று மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் 1998இல் காட்டினார்கள். வழிப்போக்கன் இந்த மூன்று கணக்கிலும் அடங்கமாட்டான். உறவில்லை, திரும்ப வரமாட்டான், பார்க்கவும் ஆளில்லை.

கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவிலுள்ள ஆய்வாளர்கள் 2011இல் இதற்குக் கணினியில் ஒரு விடை தேடினார்கள். ஒருவரை முதன்முதலாகச் சந்திக்கும்போது, இனி அவரைப் பார்ப்போமா மாட்டோமா என்பது நிச்சயமாகத் தெரியாது, ஊகிக்கத்தான் முடியும். ஊகம் இரண்டு விதமாகத் தவறலாம். இனி வரவேமாட்டார் என்பவருக்கு உதவிவிட்டால் நட்டம் சிறிது: ஒரு மணி நேரம், கொஞ்சம் பெட்ரோல். மறுபடி மறுபடி சந்திக்கப் போகிறவரை இனி வரமாட்டார் என்று விரட்டிவிட்டால் ஒரு நீண்ட உறவின் பலன் அத்தனையும் போகும். இரண்டாவது தவறு அதிகச் செலவு பிடிப்பதால், முதல் தவறின் பக்கமே சாய்கிற மனம்தான் தலைமுறைகளைத் தாண்டி நின்றது என்றது அந்தக் கணினி மாதிரி. அதாவது, முகம் தெரியாதவருக்கு நின்று உதவுகிறவர் மனதுக்குள் கணக்குப் போடுவதில்லை. கணக்கு அவருடைய முன்னோர்களின் காலத்திலேயே போட்டு முடிக்கப்பட்டுவிட்டது.

அழகான விளக்கம்தான். ஆனால் அது சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: எல்லா அந்நியரும் நமக்கு ஒரே அளவு அந்நியரல்ல. சிலரைக் கண்டதும் கால் தானே நிற்கிறது, சிலரைக் கண்டால் வேகம் கூடுகிறது. இதைப் பற்றி நான் படித்தவற்றில் மிகத் தெளிவாகப் பேசியது ஒரு எலி ஆய்வு.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்டால், ஜீன் டெசெட்டி, பெக்கி மேசன் மூவரும் 2011இல் ஒரு கண்ணாடி போன்ற நெகிழிக் குழாய்க்குள் ஓர் எலியை அடைத்து, இன்னோர் எலியை வெளியே விட்டார்கள். குழாயின் கதவை வெளியிலிருந்து மட்டுமே திறக்க முடியும். சில நாள்களில் வெளியிலிருந்த எலி திறக்கக் கற்றுக்கொண்டது. அதன்பின் விட்டவுடனே ஓடிப்போய்த் திறந்தது. பக்கத்திலேயே இன்னொரு குழாயில் சாக்லேட் துண்டுகளை வைத்தபோதும் கூட்டாளியை விடுவித்தது, சாக்லேட்டில் பங்கும் விட்டுவைத்தது.

2014இல் மேற்கொண்டு போனார்கள். இப்போது இரண்டு வகை எலிகள்: முழு வெள்ளை ஒன்று, தலையில் கறுப்பு முக்காடிட்டது போன்றது இன்னொன்று. வெள்ளை எலி, முன்பின் பார்த்திராத வெள்ளை எலிக்குக் கதவைத் திறந்தது. முன்பின் பார்த்திராத கறுப்புத்தலை எலிக்குத் திறக்கவில்லை. பிறகு சில வெள்ளை எலிகளை ஒரே ஒரு கறுப்புத்தலை எலியோடு இரண்டு வாரம் ஒரு கூண்டில் வைத்தார்கள். அதற்குப் பின் அவை எந்தக் கறுப்புத்தலை எலிக்கும், புதிதாக வந்ததற்கும், திறந்தன. ஒன்றோடு பழகியது அந்த வகை முழுவதற்கும் செல்லுபடியாயிற்று. கடைசிச் சோதனைதான் திகைக்கவைத்தது. பிறந்தவுடன் ஒரு வெள்ளைக் குட்டியைக் கறுப்புத்தலைத் தாயிடம் விட்டு, கறுப்புத்தலைகளோடு மட்டுமே வளரவிட்டார்கள். வளர்ந்த அந்த எலி கறுப்புத்தலை அந்நியருக்குத் திறந்தது. வெள்ளை அந்நியருக்குத் திறக்கவில்லை. தான் வெள்ளை என்பது அதற்குத் தெரியாது. யாரோடு கூண்டில் இருந்தோமோ அவர்கள்தான் அதற்கு நம்மவர்.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது கால் இடறுவது சுலபம். எலிக்கு வரலாறு கிடையாது, தேர்தலும் கிடையாது. என்றாலும் பேராக்கில் நின்றுகொண்டு இதைப் படித்தால் தோட்டங்களைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் ஏக்கப் பேச்சு கொஞ்சம் ஆட்டங்காண்கிறது. லயத்து வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் காட்டிய ஒட்டுறவு உண்மை. ஆனால் லயம் ஒரே கூண்டு. தமிழர் தோட்டத்தில், சீனர் ஈயச் சுரங்கப் பட்டணத்திலும், 1950க்குப் பின் புதுக்கிராமங்களிலும், மலாய்க்காரர் கம்பம் எனப்படும் கிராமத்தில். சந்தித்துக்கொண்ட இடங்கள் ஒட்டுக்கடை, சந்தை, பேருந்து, மருத்துவமனை. அந்தக் கதைகளில் வருகிற சீனரும் மலாய்க்காரரும் எங்கிருந்து வந்தார்கள் என்று விசாரித்தால், அவர்கள் பெரும்பாலும் இந்தச் சந்திப்பு இடங்களில் வாழ்ந்தவர்கள்: லாரி ஓட்டுநர், கடைக்காரர், மருத்துவமனை ஊழியர், மீன் வண்டிக்காரர். கூண்டுகளுக்கு இடையே போய்வந்து பிழைத்தவர்கள்.

இதற்குப் பேராக் தந்திருக்கும் மிகப் பெரிய சான்று ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள பாப்பான் என்ற பழைய ஈயப் பட்டணம். மருத்துவர் கதிகாசுவும் தாதியும் மருத்துவச்சியுமான அவருடைய மனைவி சிபில் கதிகாசுவும் 1926 முதல் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்திவந்தார்கள். கணவர் தமிழர். சிபில் 1899இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த யுரேசியர், கத்தோலிக்கர், கண்டனீசை ஊர்ப்பெண்போலப் பேசுவார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஈப்போவில் குண்டு போட்ட சமயத்தில் குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பெரிய தெருவின் 74ஆம் எண் கடைவீட்டில் மறுபடி மருந்தகம். மலைக்காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் எதிர்ப்புப் படையினர், பெரும்பாலும் சீன இளைஞர்கள், காயத்தோடு இரவில் வந்தார்கள். சிபில் குண்டுகளை எடுத்தார், கட்டுப்போட்டார், மருந்து கொடுத்தனுப்பினார். வீட்டில் மறைத்துவைத்த சிற்றலை வானொலியில் செய்தி கேட்டார். அகப்பட்டால் மரணம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 1943இல் அகப்பட்டார். ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் அவரைச் சித்திரவதை செய்தது; அவருடைய சின்ன மகளைத் தீக்கு மேலே தொங்கவிட்டு மிரட்டியது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து போர் முடிந்தபின் வெளியே வந்தவருக்கு, சிகிச்சைக்காகப் போன பிரிட்டனில் ஜார்ஜ் பதக்கம் அளித்தார்கள். 1948இல் அங்கேயே இறந்தார். ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற அவருடைய நினைவுக்குறிப்பு 1954இல் வெளிவந்தது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

இந்த வீரத்தை அவசரமின்மையாலோ ஆள் குறைவாலோ விளக்க முடியாது. மூளையில் விடை தேடியவர்களும் உண்டு. உளவியலாளர் அபிகெயில் மார்ஷ், முன்பின் தெரியாதவருக்குத் தம் சிறுநீரகத்தைக் கொடுத்த 19 பேரின் மூளையைப் படம்பிடித்து 2014இல் எழுதினார்: பிறர் முகத்து அச்சத்தை அறியும் வலப்பக்க அமிக்டலா அவர்களுக்குச் சராசரியைவிடப் பெரிது, அஞ்சிய முகங்களைக் கண்டதும் அதிகம் துடித்தது. சிபிலின் மூளை எப்படி இருந்தது என்பதில் எனக்கு அத்தனை ஆர்வமில்லை. புருஸ்டர் சாலையின் அந்தப் பதினைந்து ஆண்டுகள்தான் என்னை இழுக்கின்றன. நாள்தோறும் பல இனத்தார் பல பாஷையில் வயிற்றுவலி என்றும் பிரசவ வலி என்றும் வந்துபோன அறை அது. காட்டிலிருந்து வந்த சீனப் பையனை அதற்குமுன் அவர் பார்த்ததில்லை. ஆனால் அவனைப்போல் ஆயிரம் பேரின் நாடியைப் பிடித்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. காட்டிலிருந்தவர்கள் வந்து உதவி கேட்டார்கள். நாஜிகளின் பிடியிலிருந்து யூதர்களைக் காப்பாற்றிய நூற்றுக்கணக்கானோரைப் பேட்டி கண்டு சாமுவேல் ஒலினரும் பேர்ல் ஒலினரும் 1988இல் எழுதிய நூலில், மூன்றில் இரண்டு பங்கினர் யாரோ கேட்டுக்கொண்டதால் முதல் உதவியைச் செய்தவர்கள். தாமாகவே போய்க் கதவைத் தட்டியவர்கள் சிறுபான்மைதான்.

கேட்பதோ நமக்கு எளிதில் வருவதில்லை. பிரான்சிஸ் ஃப்ளின்னும் வனெசா லேக்கும் 2008இல் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள்: தெரியாதவர்களிடம் போய்க் கைப்பேசியை இரவல் கேளுங்கள், மூன்று பேர் கொடுக்கும்வரை. எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும்? பத்துப் பேரை என்று நினைத்துப் போனார்கள். ஆறு பேரிலேயே முடிந்தது. உடற்பயிற்சிக் கூடம்வரை கூடவந்து வழிகாட்டும்படி கேட்கச் சொன்னபோது, ஏழு பேரில் ஒருவர்தான் வருவார் என்று நினைத்தார்கள். ஏறத்தாழ இரண்டில் ஒருவர் வந்தார். கேட்கிறவர் மற்றவருக்கு ஆகும் தொந்தரவை எண்ணுகிறார். கேட்கப்படுகிறவருக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்பது அவர் கணக்கில் வருவதேயில்லை. ஷுவான் சாவோவும் நிக்கலஸ் எப்லியும் 2022இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள்: உதவியவர் எவ்வளவு மகிழ்ந்தார் என்பதையும் கேட்டவர் குறைத்தே மதிப்பிடுகிறார், அவருக்கு ஆன சிரமத்தையோ கூட்டி மதிப்பிடுகிறார்.

1980களுக்குப் பின் பேராக்கின் பால்மரத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் பட்டணத்துத் தாமான் என்னும் வீடமைப்புக் குடியிருப்புகளில், இடப்பக்கம் மலாய்க்காரர் வலப்பக்கம் சீனர் என்று குடியிருக்கிறார்கள். எலி ஆய்வின்படி அது நட்டமேயல்ல. சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைக் காட்டுப் பாதையில் இன்று உங்கள் மோட்டார் நின்றால், எதிரே வருகிறவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்க அதிக வாய்ப்பு. நீங்கள் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நிற்பீர்கள், இவரைப் போய் எப்படித் தொந்தரவு செய்வது என்று. அவரோ ஊருக்குப் புதியவர், கூப்பிடாமல் போய் நின்றால் இந்த ஆள் பயந்துவிடுவாரோ, போலீசைக் கூப்பிடுவாரோ என்று வேகத்தைக் குறைத்து, உங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்து, நீங்கள் தலையைத் தூக்காததால் மறுபடி வேகத்தைக் கூட்டிப் போய்விடுவார். கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பார் என்றுதான் கேட்பதைப் பற்றி இங்கே பார்த்த ஆய்வுகள் பந்தயம் கட்டுகின்றன.